இளநிலைக் கணிதத்தில் 48 விழுக்காடு: முதுநிலைப் படிப்பும் கல்லூரி ஆசிரியப் பணியும் எனக்கு இனி சாத்தியமா?

கேள்வி: வைப்பாறு

அனைவருக்கும் வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, 2016-இல் எங்கள் பகுதியிலுள்ள ஒரு கல்லூரியில் இளநிலைக் கணிதம் சேர்ந்தேன். பள்ளியில் கணிதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம், மதிப்பெண்ணும் அதில்தான் அதிகம். ஆனால் கல்லூரியில் பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. இரண்டாம் ஆண்டில் வீட்டுச் சூழ்நிலை காரணமாக மாலை நேரங்களில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் செல்லத் தொடங்கினேன். ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் பகுப்பாய்வு), நவீன இயற்கணிதம் ஆகிய இரண்டு தாள்களிலும் அரியர் விழுந்தது. பின்னர் நிறுவல்களை மனப்பாடம் செய்து எழுதித் தேறினேன். முதன்மைப் பாடங்கள் அடங்கிய பகுதி மூன்றில் மொத்தம் 48 விழுக்காடு, அதாவது மூன்றாம் வகுப்பு.

இப்போது எனக்கு 27 வயது. அதே அச்சகத்தில் முழுநேர வேலை பார்க்கிறேன். மாலையில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டின் கடன்கள் பெரும்பாலும் அடைந்துவிட்டதால், இரண்டு ஆண்டுகள் படிப்புக்கு ஒதுக்க முடியும் என்ற நிலை முதன்முறையாக வந்திருக்கிறது. முதுநிலைக் கணிதம் படித்துக் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம். இதை உறவினர் ஒருவரிடம் சொன்னபோது, இளநிலையில் மூன்றாம் வகுப்பு வாங்கியவர்கள் முதுநிலையில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் கல்லூரிப் பணிக்குத் தகுதி பெற முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர் என்பதால் அதை ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை.

அவர் சொல்வது விதிமுறைப்படி உண்மையா? 48 விழுக்காட்டோடு முதுநிலையில் இடம் கிடைக்குமா? அல்லது பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியப் பணிக்கு முயல்வதுதான் அறிவுடைமையா? இந்த வழியில் சென்றவர்கள் சொல்லும் பதில் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: கரும்பலகை

வணக்கம் சகோதரி. அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் கணிதத் துறையில் பணியாற்றுகிறேன். ஆசிரியர் தேர்வுக் குழுக்களிலும் முதுநிலைச் சேர்க்கைக் குழுவிலும் அமர்ந்திருக்கிறேன். உங்கள் உறவினர் சொன்னது இன்றைய விதி இல்லை. ஆனால் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறைகளில், முதுநிலையில் 55 விழுக்காடு என்பதோடு ‘நல்ல கல்விப் பதிவு’ என்ற சொற்றொடரும் இருந்தது. அதை வரையறுக்கும் பொறுப்பு அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் விடப்பட்டிருந்ததால், இளநிலை மதிப்பெண்ணையும் ஒரு தடையாக வைத்துக்கொள்ள அங்கே இடம் இருந்தது. அந்தக் காலத்து அலுவலக அனுபவம் உள்ளவர்கள் இப்போதும் அதையே சொல்வதில் வியப்பில்லை.

2018 விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கு உரிய பாடத்தில் முதுநிலைப் பட்டமும் அதில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். அதனுடன் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும். விதிகளுக்கு உட்பட்ட முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு நெட், செட் தேர்விலிருந்து விலக்கு உண்டு. 2023 ஜூலையில் வந்த திருத்தம், நெட் அல்லது செட் தேர்ச்சியே நேரடி நியமனத்துக்குக் குறைந்தபட்சத் தகுதி என்றும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்றும் தெளிவாக்கியது. இளநிலையில் இத்தனை விழுக்காடு இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று இவற்றில் எங்கும் இல்லை. ஆகவே நீங்கள் காக்க வேண்டிய எண் அந்த 55. நெட் தேர்வுக்கு அது முழுமையாக்கல் இல்லாமல் கணக்கிடப்படும், 54.9 வைத்திருப்பவர் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்க முடியாது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு சலுகை உண்டு என்றாலும், மத்திய அறிவிக்கையிலும் மாநில அறிவிக்கையிலும் அது எல்லாப் பிரிவுக்கும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை. எனவே நீங்கள் எப்பிரிவினராக இருந்தாலும் 55-ஐ அடிக்கோடாக வைத்துக்கொண்டு 65-க்கு மேல் குறி வையுங்கள்.

இளநிலை மதிப்பெண்ணுக்கு எடையே இல்லை என்று சொன்னால் அது உங்களைத் தவறாக வழிநடத்துவதாகும். அதே 2018 விதிமுறைகளில், நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதற்காக ஒரு மதிப்பீட்டு அட்டவணை இருக்கிறது. கல்லூரிகளுக்கான அட்டவணையில் இளநிலைப் பட்டத்துக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் 21 புள்ளிகள், 60 முதல் 80 வரை 19, 55 முதல் 60 வரை 16, 45 முதல் 55 வரை 10. உங்கள் 48 கடைசிப் படியில் விழுகிறது. முதல் வகுப்பில் தேறிய ஒருவரைவிட நீங்கள் ஒன்பது புள்ளி பின்தங்கித் தொடங்குவீர்கள். இதை எங்கே ஈடுகட்ட முடியும் என்று பாருங்கள். அதே அட்டவணை முதுநிலையில் 60 முதல் 80 வரை எடுத்தால் 23, முனைவர் பட்டத்துக்கு 25, நெட் தேர்ச்சிக்கு 8, இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையுடன் கூடிய நெட் தேர்ச்சிக்கு 10, கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10 புள்ளிகள் தருகிறது. மேலும், இந்தப் புள்ளிகள் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே. தெரிவு நேர்காணலில் காட்டும் திறனைக் கொண்டே நடைபெற வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒன்பது புள்ளி உண்மையான பின்னடைவுதான், ஆனால் நெட் தேர்ச்சியும் ஓரிரு ஆண்டு அனுபவமும் அதைப் பெருமளவு நிரப்பிவிடும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாக அறிவிக்கை வெளியிட்டு எழுத்துத் தேர்வு வழியாகத் தெரிவு செய்யும் முறைக்கு மாறியிருக்கிறது. அந்த முறை உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் சாதகமானது.

முதுநிலைச் சேர்க்கையைப் பற்றி நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பல்கலைக்கழக இணைவு பெற்ற கல்லூரிகளில் முதுநிலைக் கணிதத்துக்கு இளநிலைக் கணிதத்தில் தேர்ச்சி இருந்தால் பொதுவாக விண்ணப்பிக்கலாம். அரசுக் கல்லூரிகளில் பகுதி மூன்று மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை போட்டு, இன ஒதுக்கீட்டின்படி இடம் தருகிறார்கள். நகரத்துப் பெரிய கல்லூரியில் உங்கள் மதிப்பெண்ணுக்கு இடம் கிடைப்பது கடினம். சிறு நகரங்களிலுள்ள அரசுக் கல்லூரிகளில் முதுநிலை இடங்கள் நிரம்பாமல் கடைசிக் கட்டக் கலந்தாய்வு வரை செல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே கல்லூரியை நம்பாமல் பல கல்லூரிகளைத் தெரிவுப் பட்டியலில் கொடுங்கள்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறொன்று. நிறுவல்களை மனப்பாடம் செய்து தேறினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் பட்டியலைவிட அந்த வரிதான் உங்கள் முதுநிலையைத் தீர்மானிக்கும். முதுநிலையின் முதல் பருவத்திலேயே ரியல் அனாலிசிசும் இயற்கணிதமும் மீண்டும் வரும். இந்த முறை அவை இளநிலைப் பாடம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்கும். சேர்வதற்கு முன் இருக்கும் மாதங்களை அந்த இரண்டு பாடங்களுக்கே கொடுங்கள்.

பதில்: மேல்நிலை வகுப்பு

மேலே சொன்ன விதிகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பி.எட். பற்றிய கேள்வி ஓரமாகப் போய்விட்டதால் எழுதுகிறேன். நான் இராமநாதபுரம் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியை.

தங்கைக்கு முதலில் தெரிய வேண்டியது, 48 விழுக்காடு பி.எட். சேர்க்கைக்கும் முழுத் தடை ஆகாது என்பதுதான். தமிழ்நாட்டில் பி.எட். சேர இளநிலையில் பொதுப் பிரிவினருக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகளோ, இளநிலையிலோ முதுநிலையிலோ 50 விழுக்காடு இருந்தால் போதும் என்கின்றன. ஆகவே முதுநிலையை முடித்துவிட்டுச் சென்றால் இந்தக் கேள்வியே பெரும்பாலும் மறைந்துவிடும். இதனால்தான் பி.எட்.டை முதலில் முடிக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. இளநிலையை மட்டும் வைத்துக்கொண்டு அதை முடித்தால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வும், அதன்பின் நியமனத் தேர்வும் எழுத வேண்டியிருக்கும். முதுநிலை முடித்துப் பி.எட். படித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் சேர்த்தே வழி திறக்கும்.

அந்தத் தேர்வில் மொத்தம் 150 வினாக்கள். அவற்றில் 110 முதன்மைப் பாடத்திலிருந்து, 30 கல்வியியலிலிருந்து, 10 பொது அறிவிலிருந்து வரும். தமிழ் மொழித் தகுதித் தாளிலும் குறைந்தபட்ச மதிப்பெண் பெற வேண்டும். தமிழ் வழியில் படித்த உங்களுக்கு அது சுமையாக இராது. நீங்கள் இளநிலையில் எத்தனை விழுக்காடு என்பது தரவரிசையில் எங்கும் சேராது. அந்த 110 வினாக்களில் பெரும்பகுதி நீங்கள் முதுநிலையில் படிக்கப்போகும் பாடம்தான். நெட் தேர்வுக்கும் அதே பாடம்தான். ஒரே உழைப்பு இரண்டு தேர்வுக்கும் பயன்படும் என்பதால் எந்தப் பணி என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். கல்லூரி ஆசிரியப் பணி என்று பலர் நினைப்பது அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியின் நிரந்தரப் பணியை. அதன் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அந்த இடங்கள் குறைவு. அறிவிக்கைகளும் ஆண்டுதோறும் வருவதில்லை. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலானோர் கௌரவ விரிவுரையாளர்களாகத் தொகுப்பூதியத்திலோ, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் அதைவிடக் குறைந்த சம்பளத்திலோ பணியாற்றுகிறார்கள். நெட் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்ற என் தோழிகள் சிலர் இப்படிப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய். ஆயினும் தேர்வுகள் ஓரளவு இடைவெளிவிட்டு வந்துகொண்டே இருக்கின்றன, இடங்களும் அதிகம். வீட்டைத் தாங்கும் பொறுப்பு உங்கள் தோளில் இருந்தால் இதைக் கணக்கில் கொள்ளுங்கள். பள்ளியை இரண்டாம்தர இலக்காக நினைத்து வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் ஒன் வகுப்பில் சார்பின் எல்லையும் தொடர்ச்சியும் முதன்முதலாகக் கேட்கும் ஒரு பிள்ளைக்கு அதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தால், உங்களைப் போன்ற எத்தனையோ பேர் கல்லூரியில் திணறியிருக்க மாட்டார்கள்.

பதில்: திறந்த கணம்

நான் இப்போது கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். இளநிலையில் நானும் இரண்டாம் வகுப்பின் அடிமட்டத்தில்தான் தேறினேன். எனவே விதிமுறைகளைப் பற்றி மேலே இருவரும் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. படிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

மனப்பாடம் செய்து தேறிய பாடத்தை மறுபடியும் தொடங்கும்போது, அதை மேலும் நன்றாக மனப்பாடம் செய்யும் தூண்டுதல்தான் முதலில் வரும். இது மிகவும் இயல்பானது, ஏனெனில் நமக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். இதை உடைப்பதற்கு எனக்குக் கைகொடுத்தது எடுத்துக்காட்டுகளிலிருந்து தொடங்குவது. சீரான தொடர்ச்சி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எப்சிலான் (சார்பின் மதிப்பில் அனுமதிக்கும் வித்தியாசம்), டெல்டா (அதற்காக எண்களிடையே அனுமதிக்கும் வித்தியாசம்) வைத்து அதன் வரையறையை நீங்கள் இப்போதும் சொல்லிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஓர் எண்ணுக்கு அதன் வர்க்கத்தைத் தரும் சார்பு மெய்யெண் கோடு முழுவதும் தொடர்ச்சியானது, ஆனால் அங்கே அதற்குச் சீரான தொடர்ச்சி இல்லை. அதே சார்பை 0 முதல் 1 வரையிலான மூடிய இடைவெளியில் மட்டும் எடுத்தால் சீரான தொடர்ச்சி வந்துவிடுகிறது. ஏன்? புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு மாணவிக்குச் சொல்வதுபோல் தமிழில் சொல்லிப் பாருங்கள். வலப்பக்கம் போகப்போக வளைவு செங்குத்தாகிறது. ஒரே எப்சிலானுக்குத் தேவைப்படும் டெல்டா சுருங்கிக்கொண்டே போகிறது. கோடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே டெல்டா கிடைப்பதில்லை. மூடிய, எல்லைக்குட்பட்ட இடைவெளியில் அந்தச் சுருக்கம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இந்த அளவுக்குத் தமிழில் விளங்கியபின் வரையறையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். மொழி உங்களுக்குத் தடையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தடை பெரும்பாலும் சொற்களில் இல்லை. ‘எல்லாவற்றுக்கும்’, ‘ஏதேனும் ஒன்று இருக்கிறது’ என்பவை எந்த வரிசையில் வருகின்றன என்பதில் இருக்கிறது. அந்த வரிசையைத் தமிழில் பிடித்துவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுவது சிறிய வேலை.

இயற்கணிதத்துக்கும் இதுவே. ஆறு உறுப்புகள் கொண்ட குலங்கள் (‘குரூப்’ என்னும் இயற்கணித அமைப்புகள்) அமைப்பளவில் இரண்டே இரண்டுதான்: ஒன்று சுழற்குலம், மற்றொன்று மூன்று பொருள்களின் வரிசைமாற்றங்களால் ஆன குலம். இவ்விரண்டின் பெருக்கல் அட்டவணைகளையும் கையால் எழுதி, உட்குலங்கள் அனைத்தையும் கண்டுபிடித்து, எவை இயல்நிலை உட்குலங்கள் என்று சரிபார்த்த ஒருவருக்கு லெக்ராஞ்சி தேற்றமும் ஈவுக் குலமும் வேறு வெளிச்சத்தில் தெரியும். இதற்கு எந்தப் பயிற்சி மையமும் வேண்டாம். தாளும் பொறுமையும் போதும்.

உதவிக்கு இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளிப் பாடங்களில் ரியல் அனாலிசிசுக்கும் நேரியல் இயற்கணிதத்துக்கும் முழுத் தொடர்கள் உண்டு. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்னும் கோடைக்காலக் கணிதப் பயிற்சித் திட்டத்தைப் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வகுப்பு என்பது குறிப்பெடுப்பது இல்லை. ஆசிரியர் கேட்டுக்கொண்டே போவார், மாணவர்கள் தவறாகவேனும் பதில் சொல்லிச் சொல்லித் தேற்றத்தைத் தாங்களே எட்டுவார்கள். முதுநிலை முதலாண்டில் இருக்கும்போது அதற்கு விண்ணப்பித்துப் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் அந்த முறையை உங்கள் டியூஷன் வகுப்பில் நீங்களே நடத்திப் பார்க்கலாம்.

நெட் தேர்வைப் பற்றியும் ஒரு சொல். கணிதத்துக்கு அது சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு – பல்கலைக்கழக மானியக் குழு) கூட்டுத் தேர்வாக நடக்கிறது. மொத்தம் 200 மதிப்பெண். அதில் 95 மதிப்பெண் கடைசிப் பகுதியான ‘சி’ பகுதிக்கு. அந்தப் பகுதியில் ஒரு வினாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். சரியானவை அனைத்தையும் குறித்தால் மட்டுமே மதிப்பெண். அரைகுறையாகத் தெரிந்தவருக்கு அங்கே எதுவும் கிடைக்காது, அதே வேளையில் தவறான விடைக்குக் கழிவும் இல்லை. மனப்பாடம் செய்தவர்களைப் பிரித்துவிடும் பகுதி அது. எடுத்துக்காட்டுகளைக் கையில் வைத்திருப்பவர்கள் அங்கேதான் முன்னேறுகிறார்கள். உங்கள் வயதைப் பற்றி யாரேனும் பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் தேர்வில் வயது வரம்பே கிடையாது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு 30 வயது வரம்பு, பெண்களுக்கு அதில் ஐந்தாண்டு தளர்வு உண்டு. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். வீட்டில் பணம் கேட்காமல் ஆய்வு செய்ய முடியும்.

வைப்பாறு

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்த அட்டவணையின் எண்களைப் பார்த்தபின் என் அச்சம் ஒரு கணக்காக மாறியிருக்கிறது. கணக்கு என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். வர்க்கச் சார்பைப் பற்றிய கேள்விக்கு நேற்றிரவு பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் பாதி வந்தது. மூடிய இடைவெளியில் டெல்டா ஏன் ஓரிடத்தில் நிற்கிறது என்பதற்கு, அங்கே சரிவு 2-க்கு மேல் போகாது என்று எழுதியிருக்கிறேன். அது போதுமா, அல்லது மூடிய, எல்லைக்குட்பட்ட இடைவெளியில் தொடர்ச்சியான எந்தச் சார்புக்கும் சீரான தொடர்ச்சி உண்டு என்ற பொதுவான தேற்றம் வழியாகத்தான் போக வேண்டுமா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அச்சக உரிமையாளர், வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் முதுநிலை படிக்கும்படி சொல்கிறார். சம்பளமும் நிற்காது, பட்டமும் கிடைக்கும் என்கிறார். அது நல்ல வழியா? நேர்காணலில் 48-ஐப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: திறந்த கணம்

இந்தச் சார்புக்கு அது முழுமையான பதில். 0 முதல் 1 வரை எடுத்த இரண்டு எண்களின் வர்க்கங்களுக்கு இடையிலான வேறுபாடு, அந்த எண்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் போல் இரு மடங்குக்கு மேல் போகாது. ஆகவே எப்சிலானில் பாதியை டெல்டாவாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்ததாக, 0 முதல் 1 வரை வர்க்கமூலச் சார்பை எடுத்துப் பாருங்கள். பூச்சியத்துக்கு அருகில் அதன் சரிவு கட்டுக்கடங்காமல் ஏறும், ஆனாலும் சீரான தொடர்ச்சி உண்டு. உங்கள் வாதம் அங்கே நிற்காது. பொதுத் தேற்றம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பது அப்போது தெரியும்.

பதில்: கரும்பலகை

தொலைநிலைக் கல்வியைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் பெறும் முதுநிலைப் பட்டம் நேர்முறைப் பட்டத்துக்கு இணையானது என்று 2022-இல் அந்தக் குழுவே அறிவித்திருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் படித்து நெட் தேறியவர்களும் இருக்கிறார்கள். சேரும் முன், அந்தக் குறிப்பிட்ட கல்வியாண்டுக்கு அந்தப் பாடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் சரிபார்ப்பது கட்டாயம். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிடக் கூடாது.

ஆனாலும் உங்களுக்கு நான் நேர்முறைப் படிப்பையே சொல்வேன், பட்டத்தின் மதிப்பு காரணமாக அல்ல. இளநிலையில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது நேரமும் கேட்கும் வாய்ப்பும். பகல் முழுவதும் அச்சகத்திலும் மாலையில் டியூஷனிலும் இருந்துகொண்டு தனியாகத் திறந்த புத்தகத்தோடு அமர்ந்தால், அதே நிலைமை திரும்ப வந்துவிடும் என்று அஞ்சுகிறேன். கரும்பலகை முன் நிறுத்தி ‘ஏன் அப்படி?’ என்று கேட்க ஓர் ஆசிரியரும், தவறாகச் சொன்னால் திருத்த நான்கு வகுப்புத் தோழிகளும் வேண்டும். பிற்காலத்தில் பரிந்துரைக் கடிதம் எழுதித் தரவும் உங்களை நேரில் அறிந்த ஆசிரியர் தேவைப்படுவார். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. டியூஷனை மட்டும் வைத்துக்கொண்டு, அச்சக வேலையைப் பருவ விடுமுறைகளுக்கு என்று பேசிப் பாருங்கள். நாட்காட்டி அச்சடிக்கும் காலத்தில் அவர்களுக்கும் ஆள் தேவைப்படும். இது எந்த வகையிலும் முடியாவிட்டால் மட்டும் தொலைநிலைக்குச் செல்லுங்கள். அப்போதும் வார இறுதித் தொடர்பு வகுப்புகளில் ஒன்றைக்கூடத் தவற விடாதீர்கள்.

நேர்காணலில் 48-ஐப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நான் குழுவில் அமர்ந்தபோது நானும் இப்படிக் கேட்டிருக்கிறேன். கேட்பவர் வீட்டுக் கதையைத் தேடிக் கேட்பதில்லை. இந்தக் குறை இப்போதும் இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படித்தேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, முதுநிலையில் அதே பாடங்களில் எடுத்த மதிப்பெண்களைக் காட்டுங்கள். உடனே அவர் அனாலிசிசில் ஒரு கேள்வி கேட்பார். மேலே நண்பர் கொடுத்த வர்க்கமூலச் சார்பைப் போன்ற ஒன்றாகத்தான் அது இருக்கும். எழுந்து பலகைக்குச் சென்று எழுதி விளக்கத் தயாராக இருங்கள்.

இப்போதே செய்யத்தக்க அலுவல் வேலைகளும் சில உண்டு. பட்டச் சான்றிதழை இதுவரை வாங்கவில்லை என்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள். தற்காலிகச் சான்றிதழ் மட்டும் இருந்தால் பின்னால் சிக்கல் வரும். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலில் பகுதி மூன்றின் விழுக்காடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பு இடைநின்ற ஆண்டுகளுக்குச் சில கல்லூரிகள் விளக்கம் கேட்கும் என்பதால், அச்சகத்திலிருந்து பணி அனுபவச் சான்று வாங்கி வையுங்கள். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினராக இருந்தால், மாநிலச் சாதிச் சான்றிதழ் நெட் தேர்வுக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில் வருமான வரம்பைக் குறிப்பிடும் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் தனியாகப் பெற வேண்டும். அது எந்த நிதியாண்டுக்கு உரியது என்று அறிவிக்கையில் கேட்பார்கள் என்பதால், அதை மட்டும் தேர்வு அறிவிப்பு வரும்போது புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரிகளில் முதுநிலை விண்ணப்பங்கள் இளநிலைத் தேர்வு முடிவுகள் வந்தபின் இணையவழியில் திறக்கும். அதுவரை உங்களுக்குச் சில மாதங்கள் கையில் இருக்கின்றன. தொடர்வரிசைகளும் அவற்றின் ஒருங்கலும் என்ற அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். எங்கே சிக்கினாலும் இங்கேயே எழுதுங்கள், நானும் பார்க்கிறேன்.